புன்னக்காயல் மந்திரி

சண்டை போடாமல் நாடு பிடிப்பதில் சுஜினை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதைச் சொல்வது புன்னக்காயல்காரர்கள் இல்லை. அவர்களுக்கு அவன் வள்ளத்தில் விழுந்து இடுப்பொடிந்துபோனவன், ஜேசுதாசன் மகன், அவ்வளவுதான். சொல்கிறவர்கள் களக்காட்டிலும் திசையன்விளையிலும் மஸ்கட்டிலும் இருந்தார்கள். வேலை முடிந்து போனைத் திறந்தால், மந்திரி புதிதாக ஏதாவது போட்டிருக்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். 'புன்னக்காயல் மந்திரி' என்பது அவன் யூடியூப் சேனலுக்கு வைத்த பெயர். முகத்தைக் காட்ட மாட்டான். திரையில் ஆட்டம் ஓடும், பின்னால் அவன் குரல் மட்டும் வரும்.

அவன் ஆடியது பழைய ஐரோப்பிய ராஜாக்களின் கணினி விளையாட்டு. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற சமாசாரம் இல்லை. திரை முழுக்க ஒரு வரைபடம் விரிந்து கிடக்கும். ஒரு சிற்றரசன் குடும்பத்தை எடுத்துக்கொண்டு, பெண் கொடுத்து, பெண் எடுத்து, வரி போட்டு, வேண்டாதவனுக்கு விஷம் வைத்து, சில நூறு வருஷங்கள் நடத்திக்கொண்டு போக வேண்டும். ராஜா செத்தால் மகனாக ஆடலாம், மகன் போனால் பேரனாக ஆடலாம். வம்சம் அற்றுப்போனால்தான் ஆட்டம் முடியும். மற்றவர்கள் படை திரட்டுவார்கள், கோட்டை கட்டுவார்கள். சுஜினுக்கு அதெல்லாம் சலிப்பு. இருப்பதிலேயே நோஞ்சானான ஒரு சிற்றரசனாகப் பார்த்துத்தான் எடுப்பான்.

ஒருமுறை பக்கத்து நாட்டு ராஜா அவனை விழுங்கப் பார்த்தான். சுஜின் படையைத் திரட்டவில்லை. தன்னிடம் இருந்த மலைப் பிரதேசம் ஒன்றை அந்த ராஜாவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டான். மந்திரிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுதினார்கள். அந்த மலையில் இருந்தது வேறு மதத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற முரட்டுச் சனம். வருஷம் தவறாமல் கலகம் செய்யும். வாங்கிக்கொண்டவன் அதை அடக்கப் போய், படை தேய்ந்து, பிரபுக்களின் வெறுப்பைச் சம்பாதித்து, கடைசியில் சொந்த அரண்மனையிலேயே சிறைப்பட்டான். சுஜின் செய்ததெல்லாம் கலகக்காரர்களுக்குக் காதும் காதும் வைத்த மாதிரி கோதுமை அனுப்பியதுதான்.

இன்னொரு ஆட்டத்தில் எதிரியின் மூத்த மகனைப் பாசத்தோடு வரவழைத்துத் தன் வீட்டிலேயே வளர்த்தான். வாத்தியாராக ஒரு பெருங்குடிகாரனை வைத்தான். பையன் கேட்டதெல்லாம் கிடைத்தது. கத்தி பிடிக்க மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. அவன் பட்டத்துக்கு வந்தபோது நிழலைப் பார்த்துப் பயப்படுகிறவனாக இருந்தான். ஆனால் சுஜினைத் தகப்பன் போல நேசித்தான். கேட்ட கோட்டையை எழுதிக் கொடுத்தான். இந்த வீடியோவை எடுத்துப் போட்டபோது சுஜின் ஒருநாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. அதை வீடியோவுக்கு வீடியோ சொல்லுவான்.

"பொய்ப் பத்திரம் பண்ணாதீங்க வே. பொய்யி என்னைக்காவது புடிபட்டுரும். உண்மையத் தேடுங்க. அத எங்கன வைக்கணுமோ அங்கன வைங்க. அதையும் ஒங்க கையால வைக்காதீங்க."

அந்த ஆட்டத்தில் ரத்தம் பெரிய விஷயம். ஒவ்வொருவர் படத்துக்குக் கீழேயும் சின்னச் சின்ன அடையாளங்கள் இருக்கும். இவன் புத்திசாலி வம்சம், இவன் கூனன் வம்சம், இவள் நோயாளி வம்சம். பெண் கேட்டு வருகிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பான். மறைக்க வழியே கிடையாது. இந்த ஒரு காரியத்தில் மட்டும் ஆட்டத்தைவிட ஊர் வசதியானது. ஊரில் மறைக்கலாம். சுஜின் வீட்டில் மறைத்துத்தான் வைத்திருந்தார்கள்.

பதினாறு வயதில் அப்பாவோடு கடலுக்குப் போனபோது அவன் வள்ளத்தில் விழுந்தது உண்மைதான். விழுந்ததால் கால் போகவில்லை. கால் போய்க்கொண்டிருந்ததால் விழுந்தான். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொன்னார்கள். தசை கொஞ்சம் கொஞ்சமாக நைந்துபோகிற வியாதி. தாய்வழியில் வருவது. ஆண்பிள்ளைகளைப் படுக்கையில் போடும், பெண்பிள்ளைகளை ஒன்றும் செய்யாது, ஆனால் அவர்கள் அதைச் சுமந்து போய்த் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடும். சுஜினின் அம்மா லூசிக்குக் கொழும்பில் ஒரு தம்பி இருந்தான். அவன் இளவயதிலேயே படுக்கையில் கிடந்து செத்ததற்கு அன்றைக்குத்தான் காரணம் விளங்கியது.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே லூசி முடிவு செய்துவிட்டாள். கடலில் விழுந்து முடமானவன் என்றால் அந்தக் கரையில் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடு அப்படி ஒருவன் இருக்கிறான். ரத்தத்தில் வந்தது என்று தெரிந்தால், மூத்தவள் அபிஷாவை ஒருவனும் கட்ட மாட்டான். ஆகவே வள்ளத்தில் விழுந்ததுதான் ஊருக்குச் சொன்ன காரணம். ஜேசுதாசன் மாரடைப்பில் போனார். அப்புறம் லூசியும் போனாள். விஷயம் தெரிந்தவர்களாக அக்காவும் தம்பியும் மட்டும் மிஞ்சினார்கள்.

அபிஷா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட்டும் நைட்டியும் தைத்தாள். வெளியே வேலைக்குப் போனால் தம்பியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கக்கூஸுக்கும் தூக்கிப்போக ஆள் வேண்டுமே. முப்பதைத் தாண்டிவிட்டிருந்தாள். சுஜினுக்கு வலது கையில் சில விரல்கள்தான் இன்னும் சொன்னபடி கேட்டன. மௌஸை அசைக்க அது போதும். அவள் மெஷின் ஒரு சுவர்ப்பக்கம், அவன் மேசை எதிர்ச் சுவர்ப்பக்கம். நாள் முழுக்க அவன் ராஜாக்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டபடி அவள் தைத்துக்கொண்டிருப்பாள். சில நாள் தலையைத் தூக்காமலே, ஒன் இங்கிலாந்துக்காரன் மண்டையப் போட்டானா இல்லையா என்று விசாரிப்பாள்.

அந்த வருஷம் அவளுக்கு மணப்பாட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கிளமென்ட் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். மூன்று தங்கைமாரைக் கரையேற்றிவிட்டுத் தனக்குப் பெண் தேடத் தொடங்கும்போது முன்தலையில் மயிர் கொட்டியிருந்தது. அதிகம் பேசாதவன். அவன் அம்மா பாக்கியவதி அவனுக்கும் சேர்த்துப் பேசுகிறவள்.

பேசி முடிக்க வந்த அன்று, மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர் சுஜின் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு, அவனைத் தாண்டி அபிஷாவிடம் பேசினார். "தம்பியப் பத்தி யோசிக்காதம்மா. சிஸ்டர்மாரு நடத்துத எடம் எத்தனையோ இருக்கு. அங்கன சேத்துருவோம். நல்லாப் பாத்துக்கிடுவாங்க."

அபிஷா காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கிளமென்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்படிப்பட்ட ஒரு இடத்தை சுஜின் பார்த்திருக்கிறான். கால் முழுதாகப் போவதற்கு முன், பயிற்சி கொடுக்கிறார்கள் என்று லூசி அவனை ஒரு இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நீளமான ஒரு கூடம். வரிசையாகக் கட்டில்கள். ஆட்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். மூத்திர நெடியும் பினாயில் நெடியும் கலந்து அடித்தது. ஒருவன் இவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், விடாமல் இருந்தான். அந்தக் கூடத்தில் கம்ப்யூட்டர் கிடையாது, மைக் கிடையாது, மந்திரி கிடையாது. தாய்மாமன் பேசி முடித்ததிலிருந்து சுஜின் அந்தக் கூடத்திலேயே படுத்திருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்காவிடம் கேட்டிருக்கலாம். அவள் என்ன கடல் கடந்தா இருந்தாள்? எதிர்ச் சுவரோரம்தான் இருந்தாள். என்னை என்ன செய்யப் போற என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் கேட்டுப் பதில் வாங்குவது ஏமாளிகளின் வேலை என்று அவன் வருஷக்கணக்காக ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன். ஆட்கள் வாயால் சொல்வதை விட்டுவிடு, சொல்லாமல் விட்டதைப் பார் என்பான். அபிஷா சொல்லாமல் விட்டதை அவன் பார்த்தான். தன்னைத் தள்ளிவிடத் துணிந்துவிட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டான்.

கல்யாணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பெண், மாப்பிள்ளை பேரைப் பூசையில் வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று பெயர். இப்போது ஓலையெல்லாம் இல்லை, தாளில் அடித்து வைத்திருப்பதுதான். பெண்ணின் கோயிலிலும் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளையின் கோயிலிலும் வாசிக்க வேண்டும். முதல் ஓலை வாசித்த அன்று அபிஷா பூசைக்குப் போயிருந்தாள். சுஜின் வீட்டிலிருந்தே ஒலிபெருக்கியில் கேட்டான். காலஞ்சென்ற ஜேசுதாசன் வாஸ், லூசி ஆகியோரின் மகள் அபிஷாவுக்கும் என்று தொடங்கி, அப்பா அம்மா பேரெல்லாம் ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்டது. கடைசியில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்கள். இவர்களின் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள், அதைப் பங்குக் குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகி, யாரும் காதில் வாங்காத வாசகம் அது. சுஜின் அன்றைக்கு வாங்கினான். திருச்சபையே கூப்பிட்டுக் கேட்கிறது, தெரிந்தால் சொல் என்கிறது. சொல்லாமல் இருப்பதுதான் குற்றம் என்கிறது. இதைவிடச் சுத்தமான காய்நகர்த்தல் உண்டா? பொய் இல்லை. தன் கை படாது. சாமியார் வாயால் கல்யாணம் நிற்கும்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்குப் பங்குச் சாமியார் வீடு வீடாகப் போய் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுப்பார். நன்மை வாங்குமுன், செய்த பாவங்களைச் சாமியாரிடம் தனியாகச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். அபிஷா வழக்கம்போல மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். சுஜின் மற்றப் பாவங்களோடு இதையும் சேர்த்தான். நாங்கள் ஒரு உண்மையை மறைத்துக் கல்யாணம் செய்கிறோம் சாமி, என் வியாதி ரத்தத்தில் வந்தது, அக்காவுக்கும் இருக்கலாம், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது, என் மனசு உறுத்துகிறது. குரல் தழுதழுக்கச் சொன்னான்.

அத்தனை நாடுகளில் அத்தனை பிஷப்புகளைப் பந்தாடியவன், தன் ஊர்ச் சாமியாரிடம் பால்வாடிப் பிள்ளை செய்யாத தப்பைச் செய்தான். சங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் தலை போனாலும் வெளியே சொல்லக்கூடாது. முதல் நன்மை வாங்குகிற குழந்தைக்குக்கூட அது தெரியும். சும்மா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது செய்திருக்கலாம். சங்கீர்த்தனத்தில் சொன்னால் கனம் கூடும் என்று நினைத்து, இவனே அவர் வாயைத் தைத்துவிட்டான்.

சாமியார் மெதுவாகச் சொன்னார்.

"இது நோய் தம்பி, தடை இல்ல. கேட்டத நான் எங்கயும் கொண்டு போகவும் முடியாது. நீ ஒண்ணு செய்யி. ஒங்கக்காகிட்ட பேசு."

ஆசீர்வாதம் கொடுத்துவிட்டு எழுந்தவர், வாசல் வரை போய்த் திரும்பி, இன்றைக்கே பேசு என்றார். வேறு எதையும் சொல்ல அவருக்கும் வழியில்லை. சுஜின் அதைச் சாமியார்கள் சொல்கிற வழக்கமான புத்திமதி என்று எடுத்துக்கொண்டான். ஒரு காய் வீணாகிவிட்டதே என்றுதான் அவனுக்கு எரிச்சல்.

இரண்டாவது ஓலையும் வாசித்துவிட்டார்கள். அபிஷா கல்யாணச் சேலைக்கு ஜாக்கெட்டைத் தானே வெட்டத் தொடங்கினாள். தைக்கும்போது எதையோ நினைத்துத் தனியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சுஜினைச் சுட்டது. நான் போய்த் தொலைகிறேன் என்று இவளுக்கு இத்தனை சந்தோஷமா என்று நினைத்தான்.

அவன் சேனலை விடாமல் பார்க்கிறவர்களில் மணப்பாட்டுக்காரன் ஒருவன் இருந்தான். டார்லின் என்று பேர், ஐஸ் கம்பெனியில் வேலை. மந்திரி என்றால் உயிர். தினம் ஒரு குரல்செய்தி அனுப்புவான். அபிஷா கல்யாணமாகிப் போக இருந்தது அவன் தெருவுக்கே. பாக்கியவதி வீடும் டார்லின் வீடும் சுவர் ஒட்டியவை. டார்லினின் அம்மாவுக்கும் பாக்கியவதிக்கும் சாயங்காலமானால் ஒரே வாசலில்தான் பேச்சு. இதையெல்லாம் டார்லினே பெருமையாகச் சொல்லியிருந்தான்.

சுஜின் அவனைக் கூப்பிட்டான். அக்கா ஒங்க தெருவுக்கு வாரா, அண்ணன் ஸ்தானத்தில் இருந்து நீதான் பாத்துக்கணும் என்று ஆரம்பித்தான். டார்லினுக்குத் தலைகால் புரியவில்லை, அத்தனை சந்தோஷம். பிறகு சுஜின் விஷயத்துக்கு வந்தான்.

"யாருகிட்டயும் சொல்லிராத டார்லின். எனக்கு வந்தது விழுந்து வந்ததில்ல. எங்கம்மா ரத்தத்துல உள்ளது. அக்காவுக்குப் பொறக்குற புள்ள என்ன மாதிரி ஆயிரக்கூடாதேன்னு நித்தம் ஜெபம் பண்ணுதேன். நீயும் பண்ணு."

சொல்லும்போது அழுதான். அது நடிப்பா நிஜமா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. சங்கீர்த்தனத்தைத் தவிர, தன் உடம்பைப் பற்றி அம்மா செத்த பிறகு அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான். டார்லினும் அழுதான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தான். நல்லவன், பாவம். தன் ஆருயிர் மந்திரிக்கு இப்படி ஒரு கஷ்டமா என்று வீட்டில் போய் அம்மாவிடம் மட்டும் சொல்லி அழுதான்.

சனிக்கிழமை மத்தியானம் அபிஷாவுக்கு மணப்பாட்டிலிருந்து போன் வந்தது. கொல்லைப்புறம் போய்ப் பேசினாள். நெடுநேரம் கழித்து வந்து, மெஷினில் உட்கார்ந்து, தைத்துக்கொண்டிருந்ததை முடித்தாள். அது வேறு யாருடைய நைட்டியோ. மறுநாள் பூசைக்குப் போகவில்லை. ஒலிபெருக்கியில் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார்கள். அபிஷா பேர் வரவில்லை.

சுஜினுக்கு சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்க்கதை. அந்த நீளக் கூடமும் கட்டில் வரிசையும் கண்ணைவிட்டு அகன்றன. நெஞ்சு லேசாகிவிட்டது. அக்காமேல் பழைய பாசமெல்லாம் திரும்பி வந்தது. இனி இவளிடம் நன்றாக நடந்துகொள்ள வேண்டும், ஒன்றுக்குப் பத்துத் தடவை கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்றெல்லாம் தீர்மானம் செய்தான். நாள் போனால் அவளுக்கும் ஆறிவிடும் என்று கணக்குப் போட்டான்.

திங்கட்கிழமை கிளமென்ட் வந்தான். மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, சுஜினைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டி, நேராகக் குசினிக்குப் போனான். நடுவில் ஒரு தடுப்புச் சுவர்தான். சுஜின் ஆட்டத்தின் ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டான்.

அம்மா சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள் என்றான் கிளமென்ட். மூன்று மச்சான்மாரும் வந்து நிற்கிறார்கள். இந்த வீட்டில் பெண்ணெடுத்தால் நாளைக்குத் தங்கள் பிள்ளைகளையும் ஒருவன் கட்ட மாட்டான் என்கிறார்கள். தங்கைமார் காலில் விழுந்து அழுகிறார்கள். நான் என்ன செய்வேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அப்புறம் அவன் சொன்னது சுஜினுக்குத் தெளிவாகக் கேட்டது.

"நீ மொதல் நாளே எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்ட அபிஷா. புள்ள இல்லாட்டியும் பரவால்லன்னு நான் சொன்னது மனசாரத்தான். இங்கனயே வந்து இருக்கேன்னது, ஒந் தம்பிய நான் தூக்குதேன்னது, எல்லாம் மனசாரத்தான் சொன்னேன்."

சுஜினின் விரல்கள் மௌஸ் மேல் அப்படியே நின்றன. திரையில் யாரோ ஒரு ராஜா உத்தரவுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் ஏற்கெனவே முடிந்திருந்தது. பேசி முடிக்க வருவதற்கு முன்பே அபிஷா கிளமென்ட்டிடம் வியாதியைச் சொல்லிவிட்டாள். இருவருமாக அதே பங்குச் சாமியாரிடம் போய்க் கலந்து பேசியிருந்தார்கள். கல்யாணம் முடிந்ததும் அவன் புன்னக்காயலுக்கே வந்துவிடுவது, இங்கிருந்தே துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்வருவது. அம்மாவுக்குத் தெரிந்தால் நடக்க விட மாட்டாள் என்பதால் தாலி ஏறும்வரை மூச்சு விடக்கூடாது. தாய்மாமன் பேசும்போது இருவரும் வாயைத் திறக்காமல் இருந்தது அதற்காகத்தான். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து சேருகிற கல்யாணத்துக்கு அந்த ஆட்டத்தில் தனியாகவே ஒரு பொத்தான் உண்டு. எத்தனையோ இளவரசிகளுக்கு சுஜின் அதை அமுக்கியிருக்கிறான். எதிர்ச் சுவரில் தைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, ஒரு மனுஷனிடம் நேராகப் பேசியே அதை நடத்திக் காட்டுவாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

யார் சொன்னார்கள் என்று அபிஷா கேட்டாள். பக்கத்து வீட்டு டார்லினின் அம்மா என்றான் கிளமென்ட். டார்லினுக்கு யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கிளமென்ட்டாகவே சொன்னான்.

"ஒந் தம்பிய ஒண்ணும் கேக்காத. பயந்திருப்பான்."

போகும்போதும் கிளமென்ட் சுஜினைப் பார்த்துத் தலையை ஆட்டினான். கோபமே இல்லை அந்த முகத்தில். சுஜினுக்கு அதைத் தாங்க முடியவில்லை. வண்டிச் சத்தம் தெருவைத் தாண்டி ஓய்ந்தது. கல்யாண ஜாக்கெட்டை அபிஷா மடித்துப் பெட்டியில் வைப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு தைக்க உட்காராமல், அவனைக் கக்கூஸுக்குத் தூக்கிப்போகிற நேரம் என்று வழக்கம்போல அவன் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் அழலாம், அழுதால் மன்னித்துவிடுவாள் என்று அப்போதும் அவன் மூளை ஒரு வழி பார்த்தது. அவள் திட்டவில்லை. எங்கிட்ட ஏன் சொல்லல என்று அவன்தான் கேட்டான்.

"நாள் முழுக்க மைக்குல ஊரு ஒலகத்துக்கே பேசுதவன் நீ," என்றாள் அபிஷா. "வாய் தவறி ஒரு வார்த்த சொன்னா மணப்பாட்டுக்குப் போயிரும்னு பயந்தோம். மூணாவது ஓல வாசிச்சதும் சொல்லணும்னு இருந்தேன். நீ சந்தோசப்படுவன்னு நெனச்சேன்."

நீ என்னைத் தள்ளிவிட்டுட்டுப் போறன்னு நெனச்சிட்டேன்க்கா என்று சொல்ல வந்தான். 'நீ' என்பதற்குப் பதில் 'நான்' என்று வாய் குழறியது. அவள் திருத்தவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து, அவன் கக்கங்களுக்குள் கைகளைக் கொடுத்தாள். அவள் முகம் அவன் தோளுக்குப் பின்னால் போய்விட்டது. அங்கிருந்துதான் சொன்னாள்.

"எனக்கு முதுகு போயிட்டுலே. ஒன்னத் தூக்க இனி ரெண்டு ஆளு வேணும். அதுக்குத்தான் நான் கல்யாணத்துக்கே சரின்னேன்."

மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். நாற்காலியைவிட்டு ஒரு சாண் எழும்பியதோடு அவன் உடம்பு நின்றது. அவள் முழங்கால் நடுங்குவது அவனுக்குத் தெரிந்தது. உதவியாக ஒரு விரலைக்கூட அவனால் ஊன்ற முடியவில்லை. அவனைப் பைய மறுபடி நாற்காலியில் இறக்கிவிட்டு, முதுகை நிமிர்த்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பவும் குனிந்து கையைக் கொடுத்தாள்.